இஸ்வாராவின் இடது முன்சக்கரம்

மாமாவின் 1996ஆம் ஆண்டு புரோட்டோன் இஸ்வாரா ஒருவழியாக, பிரேக் இழுத்துப் பிடிக்காமல் ஓடுகிறது. மிதியை விட்ட பிறகும் இடது முன்சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசி, சக்கரம் சூடேறிக்கொண்டிருந்தது. லிந்தாங் சாலையில் போய்த் திரும்பி வந்ததும் நான்கு சக்கரங்களையும் வெப்பமானியால் பார்த்தேன். முன்பக்கம் இரண்டுக்கும் நடுவே நான்கு டிகிரிதான் வித்தியாசம். வேலையைத் தொடங்கியபோது இதே வித்தியாசம் எண்பதைத் தாண்டியிருந்தது. எதை எந்த வரிசையில் பார்த்தேன், எந்தச் சாமான் தேவையில்லாமல் வாங்கப்பட்டது, பழுது கடைசியில் எங்கே இருந்தது என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இந்த வயதுக் கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன.

கார் பற்றிக் கொஞ்சம். இஸ்வாரா 1992இல் வந்தது. 1985இல் வந்த முதல் சாகாவின் தொடர்ச்சி. இரண்டுக்கும் அடித்தளம் மிட்சுபிஷி லான்சர்தான். மாமாவுடையது 1.3, மேனுவல் கியர். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. மாமா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் தோட்டத்து ஓரத்தில்தான் வீடு. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் செம்பனைக்கு நடுவே செம்மண் சாலையைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த மண் காரின் அடியில் ஏறி, வெயிலில் காய்ந்து, செங்கல்லாகிவிடும். கடைசியில் இந்த மண்தான் காரணம் என்று தெரிய வந்தது.

அவர் சொன்ன புகார் இதுதான்: “காடி இழுக்கவே மாட்டேங்குதுடா. பெட்ரோல் குடிக்குது. பசாருக்குப் போய் நிறுத்துனா ஒரே தீஞ்ச வாடை.” ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் போனது. நியூட்ரலில் விட்டால் கார் சீக்கிரமே நின்றுவிட்டது. ஒரு பட்டறையில் ஏற்கெனவே காட்டியிருந்தார். காரைத் தூக்கிப் பார்க்காமலே, இரண்டு காலிப்பரும் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடி) மாஸ்டர் பம்பும் (மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெயைக் குழாய்களில் தள்ளுவது) மாற்ற வேண்டும், 650 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். காரை விற்றாலே எவ்வளவு கிடைக்கும் என்று யோசித்த மாமா என்னைக் கூப்பிட்டார்.

முதலில் அளவு. என்னிடம் 60 வெள்ளிக்கு வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, மாமா வீட்டு முன்னால் உள்ள மேட்டில் பிரேக்கைத் தொடாமல் காரைத் தானாக நிற்க விட்டேன். முன் இடது 146 டிகிரி, முன் வலது 58, பின் இடது 47, பின் வலது 66. ஒன்று சொல்ல வேண்டும்: இந்த வெப்பமானியைப் பளபளப்பான டிஸ்க்கின் மேல் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். டிஸ்க்கின் நடுவில் துருப்பிடித்த தொப்பி போன்ற பகுதி இருக்கும், அதைப் பார்த்துக் காட்ட வேண்டும். நான்கிலும் ஒரே மாதிரி இடத்தில் காட்டினால்தான் ஒப்பிட முடியும்.

இந்த எண்கள் என்னைக் கொஞ்சம் குழப்பின. முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் பிரேக் குழாய்களைக் குறுக்காகப் பிரித்திருப்பார்கள். முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் இன்னொன்று. ஒரு பக்கம் ஒழுகிப் போனாலும் ஒரு முன் பிரேக்காவது மிஞ்சட்டும் என்பதற்காக. இங்கே சூடாக இருந்தது முன் இடது, கொஞ்சமாகப் பின் வலது. அதாவது ஒரே ஜோடி. அப்படியானால் மாஸ்டர் பம்பில் அந்த ஜோடிக்கான பகுதி அழுத்தத்தை விடாமல் வைத்திருக்கிறதா? பட்டறைக்காரர் சொன்னது சரிதானோ என்று தோன்றிவிட்டது.

ஆனாலும் எண்பது டிகிரி வித்தியாசம் உள்ள சக்கரத்தை முதலில் பிரிப்பதுதான் நியாயம். மாமா வீட்டு முன்னால் மண் தரை. ஜாக்கி புதைந்துகொண்டே போகும். இரண்டு அங்குலக் கனப் பலகை ஒன்றை அடியில் வைத்து, தூக்கியதும் ஸ்டாண்டை முட்டுக்கொடுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே கையைக் கூட நீட்டக்கூடாது.

காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே மடித்தேன். பிரேக் பேடுகளின் தடிமன்: இடது பக்கம் உள்ளே 4.1 மி.மீ., வெளியே 4.4. வலது பக்கம் 7.6, 7.8. ஒற்றைப் பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) உள்ள காலிப்பரில், அது பக்கவாட்டில் நகர உதவும் வழுக்கு ஊசிகள் இறுகிவிட்டால் உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவில் தேயாது. இங்கே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஊசிகளும் கையால் இழுத்தாலே வந்தன. யாரோ எப்போதோ சாதாரணக் கிரீஸ் போட்டிருந்ததால் ரப்பர் உறை ஒன்று உப்பியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து, சி கிளாம்ப்பால் பிஸ்டனை உள்ளே தள்ளிப் பார்த்தேன். மிகவும் கடினம். திருகை முழுப் பலத்தோடு திருப்பினால்தான் மயிரிழை நகர்ந்தது. வலது பக்கம் இரண்டு விரலால் திருப்பினாலே போனது. சரி, பிஸ்டன் துருவில் இறுகியிருக்கிறது என்று முடிவு கட்டி, டவுன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காலிப்பர் கிட் (உள்ளே மாற்றும் ரப்பர் சாமான்கள்) வாங்கி வந்தேன். 18 வெள்ளி. தவுக்கே (கடை முதலாளி) பழைய ரப்பர் வளையத்தைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டியிலிருந்த புதியதோடு வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தார். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வகைக் காலிப்பர்கள் உண்டாம்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றுப் பம்பு வேண்டியதில்லை. காலிப்பரைக் குழாயோடு வைத்துக்கொண்டே, அதன் வாய்க்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, பிரேக்கை மெதுவாக மிதித்தால் காரே தள்ளிவிடும். காற்றை அடித்தால் பிஸ்டன் குண்டு போலப் பறக்கும், விரல் நடுவில் இருந்தால் போச்சு. வெளியே வந்த பிஸ்டனில் உறைக்கு வெளியே இருந்த பகுதியில் மட்டும் துருக்கறை இருந்தது. ரப்பர் வளையம் உட்காரும் இடம் சுத்தம். வளையப் பள்ளத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. மூங்கில் குச்சியைச் சீவி அதைச் சுரண்டி எடுத்தேன். இரும்பு ஆணி வேண்டாம், கீறல் விழும். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் இந்த ரப்பர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பிரேக் எண்ணெயாலேயே கழுவி, அதையே தடவிப் பூட்டினேன்.

பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஓட்டிப் பார்த்தேன். முன் இடது 139. பிஸ்டன் புதுசு போல வழுக்குகிறது, சக்கரம் மட்டும் அப்படியே இறுகுகிறது.

அதன் பிறகுதான் முறையாக ஒரு சோதனை செய்தேன். இதற்கு ஒரு 10 மி.மீ. ஸ்பானர் போதும். சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் வைத்து, அத்தையை உள்ளே உட்காரச் சொன்னேன். “நல்லா மிதிங்க அத்தை, பிடிச்சுக்குங்க, இப்ப விடுங்க.” அவர் காலை எடுத்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வலது பக்கம் உடனே சுற்றியது. இடது பக்கம் அசையவில்லை. கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன்: 95 விநாடி கழித்துத்தான் மெல்ல விட்டுக்கொடுத்தது. சாலையில் இதைவிட மோசமாக இருந்திருக்கும். 95 விநாடிக்குள் அடுத்த பிரேக் அடித்துவிடுவோம். சூடேறினால் உள்ளே மாட்டிக்கொண்ட எண்ணெயும் விரிந்து இன்னும் அழுத்தும்.

மறுபடி மிதித்து விட்டு, சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரின் நிப்பிளை (எண்ணெயும் காற்றும் வெளியேற்றும் சிறு திருகு) கால் சுற்றுத் திறந்தேன். எண்ணெய் பீய்ச்சியது, சக்கரம் சட்டென்று விடுபட்டது. ஆக, பிஸ்டனும் ஊசியும் குற்றவாளி இல்லை. மிதியை விட்ட பிறகும் காலிப்பருக்குள் அழுத்தம் தங்கியிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடாமல் இருந்திருந்தால்தான் காலிப்பரைப் பிரிக்கக் காரணம் உண்டு. சி கிளாம்ப் திணறியதற்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. அப்போது நிப்பிள் மூடியிருந்தது. திரும்பிப் போக வழியில்லாத எண்ணெயைத்தான் நான் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, அழுத்தம் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது? மாஸ்டர் பம்பிலா, வழியிலா? குறுக்கு ஜோடிச் சந்தேகம் இன்னும் இருந்ததால் பின் வலது சக்கரத்தைத் தூக்கினேன். டிரம் உரசியது. அங்கேயும் நிப்பிளைத் திறந்தேன். பீய்ச்சவும் இல்லை, உரசல் குறையவும் இல்லை. ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தியதும் டிரம் சுற்றியது. கேபிளின் மேலுறை ஓரிடத்தில் வெடித்து, செம்மண் தண்ணீர் உள்ளே போய், கம்பி துருவேறியிருந்தது. மாமா வாரக்கணக்கில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்தே நிறுத்துபவர். புதிய கேபிள் 24 வெள்ளி. ஒரே ஜோடியில் இரண்டு சக்கரமும் சூடானது வெறும் தற்செயல். அந்த எண்களை மட்டும் நம்பியிருந்தால் மாஸ்டர் பம்பு வாங்கியிருப்பேன். டிரம்மைக் கழற்றியபோது உள்ளே இருந்த தூசியைக் காற்றால் ஊதவில்லை. பழைய பிரேக் ஷூக்களில் நுரையீரலுக்குக் கெடுதியான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போட்டேன்.

இப்போது மீண்டும் முன் இடது. காலிப்பரிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் மேலே போய், உள் மட்கார்டு பக்கத்தில் இரும்புக் குழாயோடு சேர்கிறது. அந்த இணைப்பைத் தளர்த்த வேண்டும். பல வருடம் கழற்றாத நட்டு. சாதாரண ஸ்பானரை வைத்துத் திருப்பியதும் முனை மழுங்கத் தொடங்கியது. அதோடு நிறுத்திவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விட்டேன். மறுநாள் ஈப்போவில் 22 வெள்ளிக்குக் குழாய் நட்டுக்கென்றே உள்ள ஸ்பானர் வாங்கினேன். இது நட்டின் ஐந்து பக்கத்தையும் கவ்வும், குழாய் நுழைய மட்டும் ஒரு வாய் திறந்திருக்கும். ஒரே தட்டில் நட்டு இளகியது.

அத்தை மறுபடி மிதித்தார், விட்டார். சக்கரம் இறுகியிருந்தது. நான் மேல் இணைப்பைத் தளர்த்தினேன். சொட்டுச் சொட்டாகக் கசிந்ததே தவிரப் பீய்ச்சவில்லை. சக்கரமும் அசையவில்லை. மேலே அழுத்தம் இல்லை, கீழே இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு சாண் ரப்பர் ஹோஸ் மட்டும்தான். மேல் இணைப்பைத் திறந்ததும் சக்கரம் விட்டிருந்தால் இன்னும் மேலே போய் மாஸ்டர் பம்பு, அதன் பின்னால் மிதியின் தள்ளுக்கம்பியில் இடைவெளி இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்திருப்பேன். அதற்கு அவசியமே வரவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஹோஸில் வெடிப்பு இல்லை, உப்பல் இல்லை. மாமாவே நம்பவில்லை. “நல்லாத்தானடா இருக்கு, இதையா மாத்தப் போற?” என்றார். கழற்றிக் கழுவியதும் விஷயம் தெரிந்தது. ஹோஸின் நடுவில், அதைச் சஸ்பென்ஷனோடு பிணைத்து வைக்க ஓர் இரும்புப் பட்டை ரப்பரைச் சுற்றிப் பிடித்திருக்கும். அந்த இடுக்கில்தான் செம்மண் அடைந்து, மழைக்கு மழை ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. துருப்பிடித்த இரும்பு பருக்கும். வெளியே பட்டை விடாததால், அது உள்பக்கம் ரப்பரை நெரித்துவிட்டது. 20 மி.லி. ஊசிக்குழலில் தண்ணீர் எடுத்து இரண்டு ஹோஸிலும் தள்ளிப் பார்த்தேன். புதியதில் தண்ணீர் தாராளமாக ஓடியது. பழையதில் கட்டைவிரல் வலிக்கும்வரை அழுத்தினால் நூலாக வந்தது. இதை வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பிரேக் எண்ணெய் நஞ்சு, செய்யாதீர்கள். ஆக்சா பிளேடால் பட்டையோடு குறுக்கே அறுத்தேன். பட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே கிட்டத்தட்ட 2 மி.மீ. துரு. வட்டமாக இருக்க வேண்டிய துளை வெறும் கீற்றாகியிருந்தது.

பிரேக் எப்படி அதுவரை வேலை செய்தது என்று மாமா கேட்டார். மிதிக்கும்போது காலும், அதன் பலத்தைப் பெருக்கும் பூஸ்டரும் சேர்ந்து எண்ணெயை அந்தக் கீற்று வழியாகவும் அடித்து அனுப்பிவிடும். திரும்பி வருவதற்கு அவ்வளவு பலம் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முறுக்கு விடும் சிறு விசைதான் அதைப் பின்னால் இழுக்கிறது. அதனால் போவது போகும், வருவது வராது.

வலது ஹோஸின் பட்டையிலும் துரு தொடங்கியிருந்ததால் இரண்டையும் மாற்றினேன். ஒன்று 26 வெள்ளி. இணைப்பின் செப்பு வாஷர்கள் புதிது. ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். டயரிலும் எங்கும் உரசவில்லை.

டிஸ்க்கையும் அளந்தேன். இங்கே ஒரு தொந்தரவு உண்டு. தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும். வெர்னியரை அப்படியே வைத்தால் அந்த மேட்டைத்தான் அளக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு 20 சென் காசை வைத்து, மொத்தத்தை அளந்து, காசுகளின் தடிமனைக் கழித்தேன். இடது டிஸ்க் வலதைவிட 0.7 மி.மீ. மெலிந்திருந்தது, அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. கடையில் புதிய டிஸ்க் பெட்டியில் போட்டிருந்த குறைந்தபட்ச அளவுக்கு மேலேதான் இருக்கிறது என்பதால் இப்போதைக்கு விட்டுவிட்டேன். பேடுகள் மட்டும் நான்கும் புதிது, 45 வெள்ளி. ஊசிகளுக்குப் பிரேக் கிரீஸ் 9 வெள்ளி.

எண்ணெய் முழுக்க மாற்றினேன். வந்தது கோப்பி-ஓ (பாலில்லாத காபி) நிறம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் ஊர் ஈரப்பதத்தில் சொல்லவே வேண்டாம். டாட் 3 (பிரேக் எண்ணெயின் ஒரு தரம்) புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். சக்கரமே 146 காட்டிய காரில் இது விளையாட்டு இல்லை. மூடியில் டாட் 3 என்று இருந்தது, அதையே ஊற்றினேன். அரை லிட்டர் பாட்டில் இரண்டு, 28 வெள்ளி. நிப்பிளில் தெளிவான டியூப், அதன் மறுமுனை ஒரு பாட்டிலில் எண்ணெய்க்குள். மேல் டப்பா வற்றாமல் பார்த்துக்கொள்வது மாமாவின் பொறுப்பு. மட்கார்டில் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். பழைய எண்ணெயைத் தோட்டத்துக் கால்வாயில் ஊற்றாமல் பாட்டிலில் மூடி வைத்திருக்கிறேன்.

பிறகு அதே ஒன்பது கிலோமீட்டர், அதே மேடு. முன் இடது 57, முன் வலது 61, பின்பக்கம் 46, 49. நியூட்ரலில் விட்டால் கார் மேட்டில் பாதி தூரம் கூடுதலாக ஏறி நின்றது. பலமாகப் பிரேக் அடிக்கும்போது மிதியில் லேசான அதிர்வு இருக்கிறது. நீலம் பாய்ந்த டிஸ்க்கின் வேலை அது.

மொத்தச் செலவு 202 வெள்ளி. இதில் செப்பு வாஷர் 4 வெள்ளி. காலிப்பர் கிட் 18 வெள்ளி தேவையே இல்லாத செலவு. ஸ்பானர் 22 வெள்ளி என் பெட்டியிலேயே இருக்கும் என்பதால் அதை மாமாவிடம் வாங்கவில்லை. அடுத்த முறை இறுகும் சக்கரம் கிடைத்தால் ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றாமல், முதலில் நிப்பிள், பிறகு ஹோஸின் மேல் இணைப்பு என்று காலிப்பரிலிருந்து மேல்நோக்கித் திறந்துகொண்டே போவேன். குழாய் நட்டு ஸ்பானர் கையில் இல்லாமல் அந்த நட்டைத் தொடவும் மாட்டேன்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. பின்பக்க ஹோஸ்களிலும் வயதான ரப்பர்தான், ரோடு டாக்ஸ் புதுப்பிப்பதற்குள் மாற்ற வேண்டும். மழை விட்ட பிறகு ஹோஸ் பட்டைகள் இருக்கும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கழுவும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டுக் கட்டை வைக்கச் சொன்னதற்கு மட்டும் அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.